தலைமைக் கம்பமும் கிளைக் கம்பமும்

நீர்மட்டத் தொலைத்தரவு இயக்ககம் என்று ஒன்று புதுச்சேரியில் இருப்பது வைத்திக்குப்பத்து அங்கம்மாளுக்கு ஐம்பத்தோரு வயது வரைக்கும் தெரியாது. தெரியாமல் இருந்தவரை அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

அவள் வீட்டில் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தெருமுனை வாய்க்கால் கடலுக்குள் போக மறுத்து, வந்த வழியே திரும்பிக் கீழ் அறைக்குள் நுழைந்துவிடும். அதற்காகவே கூடை கூடையாக மீன் விற்று மாடியில் அந்த அறையை எழுப்பியிருந்தாள். அதில் ஒரு கட்டில். கட்டிலில் அவள் புருஷன் பாலகுரு. ஆறு வருஷத்துக்கு முன்னால் படகிலிருந்து தலைகீழாக விழுந்ததில் அவருக்குக் கழுத்துக்குக் கீழே எல்லாம் மரத்துப்போனது. கண்ணும் வாயும்தான் மிச்சம். அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

காலையில் முதுகுக்கு இரண்டு தலையணை அண்டக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தால் போதும். ஜன்னலுக்கு வெளியே கடல். திரும்பி வரும் படகு தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்து வருகிறது என்று பார்த்தே உள்ளே இருக்கும் மீன்பாட்டைச் சொல்லிவிடுவார்.

“ஏய் அங்கம்மா! சரத்குமாரு படகு தாழ வருது பாரு. காக்காலாம் பின்னாடியே வருதுங்க. மத்தி இல்லன்னா சங்கரா. ஓடு, ஓடு!”

மற்ற பெண்கள் படகு தரை தட்டட்டும் என்று காத்திருக்கும்போது அங்கம்மாள் கூடையோடு முதல் ஆளாக நிற்பாள். அந்த ஜன்னல்தான் அவர்களுடைய சோறு. அதைவிடப் பெரிய விஷயம், பாலகுரு தன்னையும் இன்னும் ஓர் ஆளாக நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஜன்னலால்தான்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் தெருமுனை வாய்க்கால் ஓரமாக ஓர் இரும்புக் கம்பத்தை நட்டார்கள். கம்பத்தில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதன் தலையில் ஒரு ஆன்டெனா. நட்டவள் மெரின். லாஸ்பேட்டையில் டிப்ளமா படித்துவிட்டு இயக்ககத்தில் ஒன்பது வருஷமாக ஒப்பந்த ஊழியராகவே இருப்பவள். வேலை தெரிந்தவள் என்பதால் அவளை நிரந்தரமாக்க யாருக்கும் தோன்றவில்லை.

“இது ரேடியோ மோடம் அக்கா,” என்றாள் அவள், தண்ணீர் கேட்டு வந்தபோது. “வாய்க்கால்ல தண்ணி எவ்ளோ உசரம் நிக்குதுன்னு கீழ ஒரு கருவி அளக்கும். இந்தப் பொட்டி அந்த நம்பர ஒயர் இல்லாம காத்துலியே ஆபீசுக்கு அனுப்பும். அங்க ஒரு பொட்டி இருக்குது. அது தலைமை, இது கிளை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் தலைமை கேக்கும், கிளை பதில் சொல்லும். கேக்காம கிளை தானா வாயத் தொறக்காது.”

“எம் மாமியா இருந்தவரைக்கும் நானும் அப்டித்தான் இருந்தேன்,” என்றாள் அங்கம்மாள். “சரி, நம்பரு போயி என்னா பண்ணும்?”

“தண்ணி ஏறுதுன்னு முன்னாடியே தெரிஞ்சிடும்ல? உங்களுக்குச் சொல்லிடுவாங்க.”

நல்ல காரியம் என்று அங்கம்மாள் அவளுக்கு மோரும் கொடுத்தாள்.

ஆனால் கிளை பேசவில்லை. மெரின் இரண்டு பெட்டியிலும் ஒரே அலைவரிசை, ஒரே வேகம் வைத்தாள். இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்தாள். கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. பதில் வந்தால் மினுக்க வேண்டிய சிவப்பு விளக்கு செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் மடிக்கணினியை மூடிவிட்டு ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதினாள். ஆன்டெனா தாழ்வாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பார்வைக் கோடு மறைகிறது. கிளைக் கம்பத்தை இரண்டு மீட்டர் உயர்த்தினால் போதும். ஒரு இரும்புக் குழாய், நான்கு கிளாம்பு, அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேர வேலையில்தான் இயக்குநர் கலைவாணன் கை வைத்தார்.

இயக்ககம் இருப்பது வெள்ளைக்காரத் தெரு ஒன்றில், பிரெஞ்சுக்காரன் கட்டிய மஞ்சள் பங்களாவில். அதன் முகப்பைக் காப்பதற்கென்று ஒரு குழு உண்டு. கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு காக்கை உட்கார்ந்தாலும் கடிதம் போடுகிற குழு அது. ஆகவே தலைமைக் கம்பம் மொட்டைமாடியில் சுவருக்குப் பின்னால் குந்தினாற்போல நின்றது. அதை ஒரு விரல் அளவுகூட உயர்த்த முடியாது. கலைவாணனோ பிரான்சில் ஆறு வாரம் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். பயிற்சி எதில் என்பது அவருக்கு மறந்துவிட்டது. ‘இதோ’ என்று அர்த்தமாகும் ‘வொலா’ என்ற சொல் மட்டும் மறக்கவில்லை. எந்தக் கோப்பைத் திறந்தாலும் அதைச் சொல்லித்தான் திறப்பார்.

“வொலா,” என்று மெரினின் அறிக்கையைத் திறந்தார். “ஏம்மா, கிளைக் கம்பத்த ரெண்டு மீட்டர் ஏத்தணும்ன்றியே, அப்ப அது தலைமைக் கம்பத்தவிட உசரமாயிடாது?”

“ஆகும் சார். அதனால என்னா சார்?”

இயக்குநர் பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் நிர்மலாதேவியைப் பார்த்தார். நிர்மலாதேவி கூரையைப் பார்த்தார்.

“நான் இங்க சார்ஜ் எடுத்தப்ப என் நாற்காலியவிட உசரமா ஒரு நாற்காலி இருந்துச்சு,” என்றார் கலைவாணன் நிதானமாக. “ஒரு டைப்பிஸ்ட் ஒக்காந்துட்டு இருந்தாரு. முதுகு வலியாம். நான் கோவப்படல. ஆசாரியக் கூப்ட்டு நாற்காலிக்கால நாலு விரக்கடை அறுக்கச் சொன்னேன். அன்னிலேர்ந்து இந்த ஆபீஸ் ஒழுங்கா நடக்குது. கிளை தலைமைய அண்ணாந்து பாக்கணும்மா. குனிஞ்சு பாத்தா அது தரவு இல்ல, திமிரு.”

மெரின் அறிவியலைத் துணைக்கு அழைத்தாள். வாழ்க்கையில் அவள் செய்த பெரிய தவறு அதுதான். ரேடியோ அலை நூல் பிடித்தாற்போலப் போகாது. நடுவில் வாழைப்பழம் போல உப்பும். அந்த உப்பலுக்கும் இடம் விட வேண்டும். அதற்கு ஃபிரெனெல் மண்டலம் என்று பெயர் என்றாள்.

“யாரு?”

“ஃபிரெனெல் சார். பிரெஞ்சு விஞ்ஞானி.”

கலைவாணன் எழுந்து நின்றுவிட்டார். நிர்மலாதேவியும், எதற்கென்று தெரியாவிட்டாலும், இன்னும் நேராக நின்றார்.

“பிரெஞ்சுக்காரர் மண்டலம்! பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்ல! அதுக்குள்ள பூந்து எவன் வூடு கட்னது? மேப்ப எடுங்க நிர்மலா.”

நிர்மலாதேவி வரைபடத்தை விரித்து மரத்தாலான அளவுகோலை இரண்டு கம்பத்துக்கும் நடுவே வைத்தார். கோடு நேராகப் போய் ஹோட்டல் ஒன்றின் உயரமான மதிலில் முட்டியது. ஹோட்டல் யாருடையது என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். ஒருவரும் பெயரை உச்சரிக்கவில்லை. நிர்மலாதேவி மர அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டு, தன் மகன் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்துவந்திருந்த வளையும் பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்தார். இந்த முறை கோடு ஹோட்டலை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய் அங்கம்மாளின் மாடி அறையில் முட்டியது.

“அலை அப்டி வளையாதே மேடம்,” என்றாள் மெரின்.

“எடம் பொருள் தெரிஞ்ச அலை வளையும்,” என்றார் நிர்மலாதேவி.

இப்படித்தான் அங்கம்மாள் ஒரு தடையானாள்.

முதல் கடிதம் மொட்டைமாடியில் துணி காயப்போடக் கூடாது என்று வந்தது. ஈரப் புடவை அலையை உறிஞ்சுகிறதாம். அவள் கொடியைக் கழற்றினாள். கிளை பேசவில்லை. இரண்டாவது கடிதம் தண்ணீர் டிரம்மை இறக்கச் சொன்னது. இறக்கினாள். அன்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு படியேறினாள். கிளை பேசவில்லை. மூன்றாவது தடவை கலைவாணனே ஜீப்பில் வந்து, செருப்பைக் கழற்றாமல் மாடி ஏறி, கட்டிலில் சாய்ந்திருந்த பாலகுருவை மேலும் கீழும் பார்த்தார்.

“இவர் எப்பவும் இப்டியே ஒக்காந்திருப்பாரா?”

“ஆமா சார். படகு பாக்க.”

“மனுஷ ஒடம்புல முக்கால்வாசி தண்ணிதாம்மா. வொலா! இங்க நடுவுல ஒரு தண்ணித் தொட்டி ஒக்காந்துகிட்டு இருந்தா அலை எப்டிப் போகும்?”

பாலகுரு அவரைப் பார்த்துச் சொன்னார்: “சாரு, எங்கிட்ட தண்ணியே இல்ல. ஆறு வருஷமா வத்திப்போயிதான் கெடக்கறேன். நீங்கதான் நல்லா தளதளன்னு இருக்கீங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்களேன்.”

மறுவாரம் ஆணை வந்தது. ‘தடைப்பொருள்’ காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை எழுந்துகொள்ளலாம். தலைமைப் பெட்டிக்கு அது சாப்பாட்டு நேரம். பெட்டி சாப்பிடுமா என்று கேட்காதீர்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத வேளையில் தரவு வந்தால் இயக்ககத்துக்கு அவமரியாதை என்று ஒரு மணி நேரம் அதை அணைத்துவைப்பார்கள். தினமும் பத்து மணிக்கு ஒரு ஊழியர் தெருவில் நின்று ஜன்னலில் தலை தெரிகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்.

பத்து மணிக்குப் பிறகு கரையேறும் படகுகள் அங்கம்மாளுக்குக் கிடைக்காமல் போயின. “கூரைய எவ்ளோ நேரம்தான்டி பாக்கறது?” என்றார் பாலகுரு. “பல்லி ரெண்டு இருக்குது. அதுங்க தாழ வருதா, ஒசர வருதான்னு பாத்துட்டிருக்கேன்.” அவள் சிரித்தாள். படியில் இறங்கும்போது அழுதாள்.

கிளை அப்போதும் பேசவில்லை. மாடி அறையை இடிக்க உத்தரவு வந்தது. அதற்கு முன் சட்டப்படி அவள் பக்கத்து நியாயத்தைக் கேட்க வேண்டும் என்று மஞ்சள் பங்களாவுக்கு அழைத்தார்கள். அவளுக்கு முக்காலி போட்டிருந்தார்கள். அதன் கால்களும் அளவாக அறுக்கப்பட்டிருந்தன.

“மாடி போனா அவரு எங்க சார் படுப்பாரு? மழ வந்தா கீழ தண்ணி பூந்துடும்.”

“அதுக்குத்தானேம்மா இந்த மோடமே!” கலைவாணனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “தண்ணி புகுறது எங்களுக்குத் தெரிய வேணாமா? உங்க மாடி மறைச்சா எங்களுக்கு எப்டித் தெரியும்? உங்க நல்லதுக்கு நீங்களே குறுக்க நிக்கறீங்க.”

“அந்தக் கம்பத்த ஏத்துனா போதும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே சார்.”

“அந்தப் பொண்ணு டிப்ளமா. ஒரு வூட்டு மாடி போனா ஒரு குடும்பத்துக்குக் கஷ்டம். ஒரு கிளை தலைதூக்குனா மொத்த நிர்வாகமே போயிடும். எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவள் சொல்வதற்கு வாய் திறந்தாள். அதற்குள் நிர்மலாதேவி, “கேட்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டிவிட்டார்.

இடிப்பதற்கு ஒரு முற்பகல்தான் பிடித்தது. மீனவப் பஞ்சாயத்து ஆட்கள் வந்து கத்தினார்கள். போலீஸ் அவர்களைவிட அதிகமாக வந்தது. நான்கு பேர் பாலகுருவைக் கட்டிலோடு தூக்கிக் கீழ் அறையில் வைத்தார்கள். கீழ் அறை ஜன்னலுக்கு நேராகப் பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பாவின் சுவர். கடல் சத்தம் கேட்டது. கடல் இல்லை.

அத்தனைக்கும் பிறகு கிளை வாயைத் திறந்ததா என்றால், இல்லை. ஹோட்டல் மதில் அங்கேயேதான் நின்றது. அலை பிளாஸ்டிக் அளவுகோலைப் படித்ததில்லை. நான்கு நாள் கழித்து, அலுவலகம் பூட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெரின் தனியாக வந்தாள். இடிபாட்டுக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“அக்கா, இந்தக் குழாய எடுத்துக்கவா?”

மாடிக் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்த இரும்புக் குழாய் அது. எடுத்துக்கொள் என்றாள் அங்கம்மாள். மெரின் அதைக் கிளைக் கம்பத்தோடு நான்கு கிளாம்பு போட்டு முடுக்கி, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினாள். அது கம்பம் என்று தெரிந்துவிடாமல் இருக்க ஒரு சின்னத் தேசியக் கொடியையும் கட்டினாள். கொடிக்கம்பம் எவ்வளவு உயரம் என்று இயக்ககம் கேட்க முடியாது. இறங்கி வருவதற்குள் சிவப்பு விளக்கு மினுக்கியது.

“வேல செய்யுது,” என்றாள் மெரின். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான் அக்கா.”

“இத மொதல்லியே கட்டியிருக்கலாமில்ல?”

மெரின் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அங்கம்மாளுக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. இந்த ஊரிலேயே தனக்காக ஒரு பக்கம் எழுதியவள் இவள் ஒருத்திதான் என்பதும் தெரிந்திருந்ததால், அறையவில்லை.

திங்கட்கிழமை தலைமைப் பெட்டியில் எண் விழுந்தது. மாடியை இடித்ததன் பலன் என்று கலைவாணன் மேலிடத்துக்கு எழுதினார். ஆனால் ஒரு சங்கடம். விழுந்த எண் பூஜ்யம். மழை இன்னும் தொடங்காததால் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கிளை நேர்மையாகப் பூஜ்யம் என்றது. சிறப்பு விருந்தினரை அழைத்துவந்து பூஜ்யத்தைக் காட்டினால் நன்றாகவா இருக்கும்? தொடக்க விழாவைத் தள்ளிவைத்தார்கள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் புயல் சின்னம் உருவாகி, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, கடலுக்குப் போக வேண்டாமென்று எச்சரித்த அன்று, இயக்ககத்தில் மட்டும் வாசலில் வாழைமரம் கட்டினார்கள். “நமக்கு நல்ல நாள் அமைஞ்சிருக்கு,” என்றார் இயக்குநர், வானத்தைப் பார்த்து.

காலை ஒன்பதரைக்கு ஒரு வேன் அங்கம்மாளின் தெருவுக்கு வந்தது. பயனாளிகள் இல்லாமல் விழா நடக்குமா? தெருவில் இருந்த பெண்கள் அத்தனை பேரையும் ஏற்றினார்கள். ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் என்றார்கள். ஆண்கள் கரையில் படகுகளை மேடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

“நான் வரல சார்,” என்றாள் அங்கம்மாள். “அவர உட்டுட்டு வர முடியாது. மழையப் பாருங்க.”

“உங்களுக்குத்தாம்மா மொதல் மரியாதையே,” என்றார் வேனோடு வந்த ஊழியர். “மாடி வூடு தர்ற ஆர்டர் இன்னிக்கு மேடைலயே கையில தர்றாங்க. வாங்கலன்னா ரத்தாயிடும். அரை மணி நேரம்தான்.”

மாடி வீடு என்ற சொல்லுக்கு அவளிடம் எதிர்ப்பு இல்லை. உள்ளே போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

“போயி வாங்கிட்டு வா,” என்றார் பாலகுரு. “ஜன்னல் கடல் பக்கமான்னு கேட்டு வாங்கு.”

அவரைத் தலையணையில் சாய்த்துத்தான் வைத்திருந்தாள். ஊழியர் எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மணி பத்தாகப் போகிறது. அந்த ஆணை ரத்தாகவில்லை. விழா நாளில் அலை தடுமாறினால் யார் பதில் சொல்வது? அங்கம்மாள் தலையணைகளை உருவி அவரைத் தட்டையாகப் படுக்கவைத்தாள். காற்றில் அடிக்காமல் கதவை இழுத்துக் கொண்டி போட்டாள்.

பங்களா முற்றத்தில் ஷாமியானா. மேடையில் பெரிய பலகை. அதில் சிவப்பில் எண் ஒளிர்ந்தது. ‘96’. நிர்மலாதேவி பெண்களுக்குப் பாடம் எடுத்தார்: “எண்ணு மாறறப்பல்லாம் கை தட்டணும். நல்லா சத்தமா. போட்டோ எடுப்பாங்க.” மெரினை மாடியில் பெட்டி இருந்த அறைக்குள் உட்காரவைத்து, விழா முடியும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது என்றிருந்தார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எண் மாறியது. 112. கைதட்டல். 131. கைதட்டல். சிறப்பு விருந்தினர் வியந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவரிடம், “ஒயரே இல்லாமலா?” என்றார். கலைவாணன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“இந்த எண் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். அதைச் சொல்வது எங்கள் பணி அல்ல. எண்ணைக் கொண்டுவருவதே எங்கள் பணி. எச்சரிக்கை செய்ய வேறு துறை உண்டு. அவர்கள் எழுத்துமூலம் கேட்டால், நாங்கள் எழுத்துமூலம் கொடுப்போம். கேட்காமல் கொடுப்பது தரவுக்கு அழகல்ல. அன்பானவர்களே, பாருங்கள், நூற்று அறுபத்தெட்டு! வொலா! நம் கிளை எப்படிப் பேசுகிறது பாருங்கள்!”

அங்கம்மாளும் தட்டினாள். எண் ஏற ஏற மேடையில் இருப்பவர்களுக்குச் சந்தோஷம் ஏறுவதைப் பார்த்தாள். சந்தோஷத்தில் இருக்கும்போது ஆர்டரில் கடல் பக்கத்து ஜன்னலையும் கேட்டு வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். 190. 207. கூடத் தட்டினாள். பெயரைக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தி உறையைக் கொடுத்தார்கள். இறங்கி வந்து சின்னப்பாப்பாவின் மகளிடம் படிக்கக் கொடுத்தாள். அது வீட்டு ஆணை அல்ல. மேற்படியாரின் வீடு எந்த அலைக்கும் தடையாக இல்லை என்று சான்றளிக்கப்படுவதாக அதில் அச்சடித்திருந்தது.

224. மழைச் சத்தத்தையும் மீறி எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓயும் நேரத்தில் மெரின் மாடியிலிருந்து படிகளில் தாவித் தாவி ஓடிவந்தாள். நாற்காலி வரிசையில் அங்கம்மாளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, நீங்க இங்கயா இருக்கீங்க? அண்ணன் எங்க?”

“வூட்லதான்.”

“அக்கா, நூத்தி அறுவத்தஞ்சுலியே உங்க வாசப்படி முழுகிடுச்சு.”

அவள் ஓடினாள். சால்வையோடு, ஒற்றைச் செருப்போடு, கடற்கரைச் சாலையில் மழையை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓடினாள். மெரின் பின்னால் வந்தாள். தெருவில் தண்ணீர் இடுப்பைத் தாண்டி நின்றது. கொண்டியைத் தேடித் தண்ணீருக்குள் கையை விட வேண்டியிருந்தது. உள்ளே பாத்திரங்கள் மிதந்தன, தலையணைகள் மிதந்தன. பாலகுரு மிதக்கவில்லை. கட்டிலில், தட்டையாக, ஆணைப்படியே இருந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் இயக்ககத்து ஜீப் வந்தது. மெரினை அதற்குள் வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். விழா முடியும் முன் நாற்காலியை விட்டு எழுந்த குற்றம். கலைவாணனும் நிர்மலாதேவியும் கோப்போடு உள்ளே வந்தார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஓடியது. இந்தத் தடவை கலைவாணன் செருப்பைக் கழற்றினார். குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டார்.

“இறந்த நேரம் தெரியலன்னு டாக்டர் அந்தக் கட்டத்தக் காலியா வுட்டுட்டாராமே. அதனால சர்டிபிகேட்டு நிக்குதுன்னு கேள்விப்பட்டோம். கவலப்படாதீங்கம்மா. எங்க கிட்ட அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் தண்ணி உசரம் இருக்குது. கட்டில் எவ்ளோ உசரம்? தலையணை இருந்துச்சா?”

“இல்ல.”

“மல்லாக்கவா, ஒருக்களிச்சா?”

“மல்லாக்க.”

நிர்மலாதேவி கட்டிலை அளந்தார். மூக்குக்கு எவ்வளவு என்று யோசித்து, தன் உள்ளங்கையை விரித்துக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்து அதையும் கூட்டினார். எண்களைத் தாளில் ஓட்டிப் பார்த்து விரல் ஓர் இடத்தில் நின்றது. பதினொன்று நாற்பத்திரண்டு. கலைவாணனின் முகம் மலர்ந்தது. மறைக்க முயன்றார்; முடியவில்லை.

“வொலா. இயக்ககம் தொடங்குனதுலேர்ந்து எங்க தரவு ஒரு குடிமகனுக்கு நேரடியா பயன்படறது இதான்மா மொதல் தடவ. ஆண்டறிக்கைல போடணும். பயனாளின்ற எடத்துல ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

அங்கம்மாள் பேனாவை வாங்கவில்லை. “பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு நாமல்லாம் என்னா பண்ணிட்டு இருந்தோம் சார்?” என்று கேட்டாள்.

கேள்வி அலுவலகச் சம்பந்தமானது என்பதால் நிர்மலாதேவி விழாக் குறிப்பேட்டைப் புரட்டினார். “பதினொன்று நாற்பத்திரண்டு. எண் இருநூற்று இருபத்து நான்கு. பலத்த கைதட்டல்,” என்று வாசித்தார்.

“ரெண்டு ரெக்கார்டும் ஒத்துப்போவுது,” என்றார் கலைவாணன் திருப்தியாக.

அங்கம்மாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். செதில் வெட்டிய தழும்புகள் நிறைந்த கைகள்.

“நானும் தட்டுனேன் சார்,” என்றாள். “மத்தவங்களவிட சத்தமா தட்டுனேன்.”

“அதையும் சேத்துக்குங்க நிர்மலா,” என்றார் இயக்குநர். நிர்மலாதேவி சேர்த்துக்கொண்டார்.